பாறைக்குள்ள நுரை: எண்ணெய் எடுக்க குமிழி எதுக்கு, அது எப்படி தாக்குப்பிடிக்குது?

ஒரு எண்ணெய் வயல்ல முதல்ல தானா மேல வர்றதை எடுப்பாங்க, அது குறைஞ்சதும் பக்கத்துல இன்னொரு கிணறு போட்டு தண்ணிய உள்ள தள்ளி அந்த தண்ணி தள்ளிட்டு வர்றதை எடுப்பாங்க, இது ரெண்டும் முடிஞ்ச பிறகும் பாறைக்குள்ள பாதிக்கு மேல எண்ணெய் அப்படியே கிடக்கும். உலகம் பூரா சராசரி பாத்தா மூணுல ஒரு பங்கு வெளிய வந்தாலே நல்ல வயல்னு சொல்ற நிலைமைதான். மிச்சம் இருக்கிறதுல இன்னும் கொஞ்சத்தை எடுக்கச் செய்யுற வேலைங்களுக்கு மொத்தமா ஈஓஆர், அதாவது என்ஹான்ஸ்டு ஆயில் ரிகவரின்னு பேரு. அதுல ஒரு முக்கியமான வழி கேஸை உள்ள தள்ளுறது, அந்த கேஸ் கண்டபடி ஓடாம பாத்துக்கிறதுக்குத்தான் நுரை. இந்த நுரை பாறைக்குள்ள எப்படி நடந்துக்குது, எதனால உடையுது, எப்போ நிக்குதுன்னு பெட்ரோலியம் இன்ஜினியரிங் படிக்காதவங்களுக்கும் புரியுற மாதிரி எழுதப் பாக்குறேன், நடுவுல ரெண்டு மூணு சின்ன கணக்கு வரும், எல்லாம் பெருக்கல் வகுத்தல்தான்.

முதல்ல கேஸ்கிட்ட என்ன கோளாறுன்னு பாத்துடலாம். கார்பன் டை ஆக்சைடு, இயற்கை எரிவாயு இதெல்லாம் எண்ணெயோட நல்லா பழகும், அதுவும் கார்பன் டை ஆக்சைடு சரியான பிரஷர்ல எண்ணெய்க்குள்ள கரைஞ்சு அதை உப்ப வைக்கும், இளக்கி விடும், அதனால கேஸ் போய்த் தொட்ட இடத்துல எண்ணெய் கிட்டத்தட்ட துடைச்ச மாதிரி வந்துடும். பிரச்சனை என்னன்னா கேஸ் போய்த் தொடுற இடமே ரொம்ப கம்மி. பாறைக்குள்ள இருக்கிற பிரஷர்லயும் சூட்டுலயும் கார்பன் டை ஆக்சைடோட விஸ்காசிட்டி, அதாவது ஓடுறதுக்கு அது காட்டுற கெட்டித்தன்மை, ஏறக்குறைய 0.05 சென்டிபாய்ஸ் (அதை அளக்கிற அலகு), லேசான கச்சா எண்ணெய்க்கு அது ஒண்ணோ ரெண்டோ இருக்கும், கெட்டி எண்ணெய்னா நூறு ஆயிரம்னு போகும். இவ்ளோ இளக்கமான ஒண்ணு கெட்டியான ஒண்ணைத் தள்ளும்போது முன்பக்கம் சமமா நகராது, விரல் விரலா பிரிஞ்சு குத்திக்கிட்டு முன்னாடி ஓடிடும். இது போதாதுன்னு கேஸ் லேசு, எண்ணெயும் தண்ணியும் கனம், அதனால கேஸ் மேல ஏறி பாறையோட கூரையை ஒட்டியே போயிடும், கீழ இருக்கிற எண்ணெய் கேஸைப் பாக்காமலே கிடக்கும். மூணாவது, பாறை எங்கேயும் ஒரே மாதிரி இருக்காது, ஒரு அடுக்கு தாராளமா வழிவிடும், அடுத்த அடுக்கு இறுக்கமா இருக்கும், கேஸ் சுலபமான அடுக்கு வழியா நேரா எதிர் கிணத்துக்கு போய் வெளிய வந்துடும், வந்த கேஸை திரும்ப அமுக்கி திரும்ப உள்ள தள்ளணும், கம்ப்ரசர் செலவு மட்டும் ஏறிக்கிட்டே போகும்.

இந்த ஓட்டத்தை அடக்க நுரை போடலாம்னு சொன்னது புதுசு இல்ல. 1958-லயே பாண்ட், ஹோல்ப்ரூக்னு ரெண்டு பேர் இதுக்கு அமெரிக்க பேட்டன்ட் வாங்கிட்டாங்க, 1961-ல ஃப்ரைட்ங்கிறவர் அமெரிக்க சுரங்கத் துறைக்காக எழுதின ரிப்போர்ட்ல நுரை எப்படி கேஸோட வேகத்தை மட்டுப்படுத்துதுன்னு சோதனையோட காட்டியிருக்கார். அதுக்கப்புறம் 1964, 65-ல பெர்னார்டும் ஹோல்மும் ஒரு விஷயத்தை கவனிச்சாங்க, நுரை இருக்கும்போது கேஸ் போற வழி பலமடங்கு சுருங்குது, ஆனா தண்ணிக்கு ஒண்ணும் ஆகல, அதே அளவு தண்ணி பாறைல இருந்தா நுரை இருந்தாலும் இல்லாட்டியும் தண்ணி அதே சுலபத்துல தான் போகுது. இதை மனசுல வெச்சுக்கோங்க, கொஞ்சம் கழிச்சு இது தேவைப்படும்.

நுரைல கேஸ் கெட்டியாயிடுதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல. குமிழிக்குள்ள இருக்கிற கேஸ் அதே இளக்கமான கேஸ்தான், ஒரு மாற்றமும் இல்ல. குமிழிக்கும் குமிழிக்கும் நடுவுல இருக்கிற மெல்லிசான தண்ணிப் படலம், லாமெல்லான்னு சொல்வாங்க, அதுதான் எல்லா வேலையும் செய்யுது. வண்டியோட இன்ஜின் அதேதான், ரோட்டுல நூறு அடிக்கு ஒரு ஸ்பீட் பிரேக்கர் போட்டா எப்படியோ அப்படி. அதனால பாறைக்குள்ள எத்தனை படலம் இருக்கு, அது எவ்ளோ நேரம் உயிரோட இருக்கும், இது ரெண்டுதான் கேள்வி.

பாறைக்கு போறதுக்கு முன்னாடி சாதா நுரையை ஒரு தடவை கிட்டப் போய்ப் பாக்கணும். ஒரு கண்ணாடி சிலிண்டர்ல சோப்புத் தண்ணிய ஊத்தி மூடி நல்லா குலுக்கி வெச்சுட்டு பாத்துக்கிட்டே இருந்தீங்கன்னா, அடில இருக்கிற குமிழி எல்லாம் உருண்டையா தண்ணில மிதந்துக்கிட்டு இருக்கும், மேல போகப் போக தண்ணி வடிஞ்சு குமிழிங்க ஒண்ணையொண்ணு நெருக்கி பல பக்கம் உள்ள பெட்டி மாதிரி ஆகியிருக்கும். அங்க மூணு படலம் எப்பவுமே 120 டிகிரில தான் சந்திக்கும், எந்த சோப்பு போட்டாலும் அதே கோணம். இதைக் கண்டுபிடிச்சு எழுதினவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோசஃப் பிளாட்டோ, 1873-ல வந்த அவரோட புத்தகத்துல இருக்கு, அந்த புத்தகத்துக்கான வேலைல பெரும்பகுதி அவருக்கு பார்வை முழுசா போன பிறகு நடந்தது, மத்தவங்க பாத்து சொல்லச் சொல்ல அவர் கணக்கு போட்டிருக்கார்னா யோசிச்சுப் பாருங்க. மூணு படலம் சேர்ற அந்த மூலை வாய்க்காலுக்கு பிளாட்டோ பார்டர்னு அவர் பேரையே வெச்சுட்டாங்க.

அந்த மூலை உள்பக்கமா வளைஞ்சிருக்கும், வளைவு இருந்தா பிரஷர் வித்தியாசம் இருக்கும், மூலைல பிரஷர் கம்மி, தட்டையான படலத்துல அதிகம், அதனால படலத்துல இருக்கிற தண்ணி மூலைக்கு உறிஞ்சப்பட்டுக்கிட்டே இருக்கும். படலம் மெலிஞ்சுக்கிட்டே போகும். சோப்புக் குமிழில கலர் கலரா தெரியுறது இந்த மெலியுற கட்டம், இன்னும் மெலிஞ்சு சில பத்து நானோமீட்டருக்கு வந்ததும் கலர் போய் கருப்பா ஒரு திட்டு தெரியும், அதுக்கப்புறம் எப்ப வேணா உடையலாம். வெறும் தண்ணியா இருந்தா இந்த கட்டத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே போயிருக்கும். சர்ஃபாக்டன்ட், அதாவது சோப்பு ஜாதி மூலக்கூறு, படலத்தோட ரெண்டு முகத்துலயும் வரிசையா நின்னுக்குது. படலத்துல ஒரு இடம் திடீர்னு இழுபட்டு மெலிஞ்சா அங்க சர்ஃபாக்டன்ட் அடர்த்தி குறையும், அதனால அந்த இடத்துல மேற்பரப்பு இழுவிசை ஏறும், பக்கத்துல இருந்து சர்ஃபாக்டன்டும் அதோட ஒட்டிக்கிட்டு தண்ணியும் அந்த இடத்துக்கு இழுக்கப்படும், ஓட்டை தானா அடைபடும். மாரங்கோனி விளைவுன்னு இதுக்கு பேரு. கூடவே ரெண்டு முகத்துலயும் ஒரே மின்னேத்தம் இருக்கிறதால அதுங்க ஒண்ணையொண்ணு தள்ளிவிடும், படலம் இன்னும் மெலியாம ஒரு தடுப்பு கிடைக்கும்.

இன்னொரு சாவு வழி இருக்கு, இது சத்தமே இல்லாம நடக்கும். சின்ன குமிழிக்குள்ள பிரஷர் அதிகம், பெருசுக்குள்ள கம்மி, அதனால கேஸ் படலத்துல கரைஞ்சு சின்னதுலேர்ந்து பெருசுக்கு கசிஞ்சு போயிடும், சின்னது காணாமப் போகும், பெருசு இன்னும் பெருசாகும். கார்பன் டை ஆக்சைடு தண்ணில நைட்ரஜனை விட ஏறக்குறைய 50 மடங்கு கரையும், அதனால அதே சோப்புல கார்பன் டை ஆக்சைடு நுரை சீக்கிரம் பருத்துப் போயிடும், நைட்ரஜன் நுரை நிதானமா நிக்கும். நைட்ரஜன்ல டெஸ்ட் பண்ணிட்டு கார்பன் டை ஆக்சைடுக்கு முடிவு சொல்ற ஆளுங்க இதை ஏனோ மறந்துடுவாங்க.

சரி, பாறை. பாறைன்னா குகை இல்ல, மணல் மணியா இறுகின ஒரு திடப்பொருள், நடுவுல இருக்கிற ஓட்டைங்க சில பத்து மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), ஒரு ஓட்டைக்கும் அடுத்த ஓட்டைக்கும் நடுவுல இருக்கிற கழுத்து அதை விட ஒடுக்கம். இதுக்குள்ள சிலிண்டர்ல பாத்த மாதிரி நூத்துக்கணக்கான குமிழி மொத்தையா சேர்ந்து நகராது, ஒரு குமிழியே ஒரு ஓட்டை அளவு, சில சமயம் பல ஓட்டைங்களை நிரப்பிக்கிட்டு நீளமா இருக்கும். அதாவது கேஸ், ஒரு படலம், கேஸ், ஒரு படலம்னு வரிசையா போகும், படலம் ஒவ்வொண்ணும் பாறைச் சுவருக்கு குறுக்க நிக்கும்.

இப்போ ஒரு படலத்தை 10 மைக்ரான் ஆரம் உள்ள கழுத்து வழியா தள்ள எவ்ளோ பிரஷர் வேணும்னு பாக்கலாம். படலத்துக்கு ரெண்டு முகம், அதனால தேவைப்படுற பிரஷர் மேற்பரப்பு இழுவிசையை நாலால பெருக்கி ஆரத்தால வகுத்தா வரும். இழுவிசை மீட்டருக்கு 30 மில்லிநியூட்டன்னு வெச்சா 12,000 பாஸ்கல், 0.12 பார். அற்பமாத் தெரியுது இல்லையா. ஓட்டைக்கு ஓட்டை 100 மைக்ரான் தூரம்னா ஒரு மீட்டர் நீளத்துல 10,000 ஓட்டை, பத்துக்கு ஒண்ணுல படலம் இருந்தாலே ஆயிரம் படலம், எல்லாத்தையும் ஒரே நேரத்துல கழுத்து தாண்ட வைக்கணும்னா மீட்டருக்கு 120 பார். நிஜத்துல இவ்ளோ வராது, ஏன்னா ஒரு படலம் கழுத்துக்குள்ள நுழையுற நேரத்துல இன்னொண்ணு கழுத்தைத் தாண்டிட்டு இருக்கும், முன்னாடி இழுக்குறதும் பின்னாடி இழுக்குறதும் பெரும்பாலும் கழிஞ்சு போய் மிச்சம் தான் நமக்கு தடையா தெரியும். ஆனா அந்த மிச்சமே கேஸோட ஓட்டத்தை நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு குறைக்க போதும். இந்த மடங்கைத்தான் மொபிலிட்டி ரிடக்ஷன் ஃபேக்டர்னு ஒரு எண்ணா சொல்வாங்க, நுரையோட வர்ற பிரஷர் இறக்கத்தை நுரை இல்லாம வர்ற பிரஷர் இறக்கத்தால வகுத்தா கிடைக்கும்.

இன்னொரு சங்கதி, உள்ள இருக்கிற கேஸ் எல்லாமே ஓடாது. பெரும்பகுதி அங்கங்க படலத்துல மாட்டி அப்படியே நின்னுடும், ஒரு சின்ன பங்கு மட்டும் தான் கிடைச்ச சந்து வழியா வரிசையா போய்க்கிட்டு இருக்கும். வேகமா தள்ளினா மாட்டினதுல கொஞ்சம் கிளம்பும், படலம் சுவர்ல உரசுற தடையும் வேகத்துக்கு சமமா ஏறாம மெதுவா தான் ஏறும், அதனால நுரை வேகமா போகும்போது இளக்கமாவும் மெதுவா போகும்போது கெட்டியாவும் தெரியும். இது எண்ணெய்க்காரங்களுக்கு அதிர்ஷ்டம்தான், கிணத்தை ஒட்டி வேகம் அதிகம் அங்க தடை கம்மியா இருந்தா சுலபமா உள்ள தள்ளலாம், தூரப் போய் வேகம் குறைஞ்சதும் அங்க தான் கெட்டியா நிக்கணும், அதுவே நடக்குது.

படலம் எப்படி பிறக்குதுன்னு கொஞ்சம் சொல்லணும். கேஸ் ஒடுக்கமான கழுத்தைத் தாண்டி அடுத்த பெரிய ஓட்டைக்குள்ள விரியும்போது அதோட பிரஷர் கொஞ்சம் இறங்கும், கழுத்துல சுவரை ஒட்டியிருந்த தண்ணி உள்ள பாஞ்சு கழுத்தை மூடிடும், கேஸ் நறுக்குன்னு வெட்டுப்பட்டு தனி குமிழி ஆயிடும். ஸ்னாப்-ஆஃப்னு சொல்ற இது தான் பெரும்பாலும் நடக்குறது, 1970-ல ரூஃப்ங்கிறவர் இதோட கணக்கை எழுதினார். ஏற்கெனவே இருக்கிற ஒரு படலம் ரெண்டு வழி பிரியுற இடத்துக்கு வந்து ரெண்டா பிரிஞ்சு ரெண்டு வழியிலயும் போனா அது ரெண்டாவது வகை. ரெண்டு பக்கத்துலேர்ந்து கேஸ் ஒரு தண்ணி நிரம்பின ஓட்டைய நெருங்கி நடுவுல ஒரு படலத்தை விட்டுட்டு போறது மூணாவது, இதுல பிறக்குற படலம் ஓட்டத்தோட திசைக்கு இணையா இருக்கும், அதனால நுரை பலவீனமா இருக்கும். முதல் ரெண்டு வகை நல்லா நடக்கணும்னா ஒரு குறைஞ்சபட்ச பிரஷர் சரிவு, அதாவது ஒரு மீட்டர் தூரத்துக்கு இறங்குற பிரஷர், வேணும், அது இல்லாட்டி சோப்பு இருந்தும் நுரை எழும்பாது.

பிறப்பு ஒரு பக்கம், சாவு ஒரு பக்கம். நுரை ஸ்டெபிலிட்டின்னா ஒரு குமிழி எவ்ளோ நேரம் உடையாம இருக்குங்கிறது மட்டும்தான்னு எடுத்துக்கிட்டா பாறை விஷயத்துல தப்பாப் போயிடும். உள்ள படலம் உடைஞ்சுக்கிட்டே இருக்கும், புதுசா பிறந்துக்கிட்டே இருக்கும், பிறக்குற வேகம் உடையுற வேகத்துக்கு ஈடு குடுக்குற வரைக்கும் நுரை நிக்குதுன்னு அர்த்தம்.

உடையுறதை முடிவு பண்றது யாருன்னா கேப்பிலரி பிரஷர். கேஸோட பிரஷருக்கும் பாறை மூலைல ஒட்டியிருக்கிற தண்ணியோட பிரஷருக்கும் உள்ள வித்தியாசம் அது. பாறைல தண்ணி குறையக் குறைய மிச்சம் இருக்கிற தண்ணி இன்னும் சின்ன சந்துக்குள்ள ஒடுங்கும், வளைவு கூர்மையாகும், கேப்பிலரி பிரஷர் ஏறும், படலத்துல இருக்கிற தண்ணிய அது உறிஞ்சும். ஒரு எல்லை வரைக்கும் படலம் தாங்கும், அதைத் தாண்டினா பொலபொலன்னு உடையும். இந்த எல்லைக்கு லிமிட்டிங் கேப்பிலரி பிரஷர்னு பேரு வெச்சு 1988-ல காத்திப், ஹிராசாகி, ஃபால்ஸ் மூணு பேரும் தெளிவா காட்டினாங்க. அந்த எல்லைல ஒரு குறிப்பிட்ட தண்ணி அளவு இருக்கும், சோப்புத் தண்ணியும் கேஸும் சேர்ந்து ஓடிக்கிட்டு இருக்கிற வரைக்கும் அதுக்கு கீழ பாறை காயாது, ஏன்னா காய ஆரம்பிச்சதும் படலம் உடையும், தடை குறையும், கேஸ் சுலபமா போகும், போகப் போக தண்ணி அளவு திரும்ப அதே புள்ளிக்கு வந்து நிக்கும்.

இதுலேர்ந்து ஒரு வேடிக்கையான விஷயம் வருது. இந்த எல்லைல நுரை ஓடும்போது கேஸ் வேகத்தை ரெண்டு மடங்கு பண்ணினாலும் பிரஷர் இறக்கம் மாறாது! எப்படின்னா, தண்ணி அளவு அந்த புள்ளில ஆணியடிச்ச மாதிரி நிக்குது, மேல சொன்ன பெர்னார்ட் ஹோல்ம் கவனிப்புப்படி தண்ணிக்கு நுரையால பாதிப்பு இல்ல, அப்போ தண்ணி அளவு மாறலைன்னா தண்ணிக்கான வழியும் மாறல, தண்ணி எவ்ளோ வேகமா போகுதுங்கிறது மட்டும்தான் பிரஷர் இறக்கத்தை தீர்மானிக்கும். கேஸை அதிகமா விட்டா என்ன ஆகும், குமிழி பெருசாகும், படலம் எண்ணிக்கை குறையும், கேஸ் அதே பிரஷர்ல அதிகமா போய்க்கும். கேஸ் பங்கு ரொம்ப அதிகமான இந்த நிலைமைக்கு ஹை குவாலிட்டி ரெஜிம்னு சொல்வாங்க, நுரைல கேஸோட கொள்ளளவு பங்கு தான் குவாலிட்டி, 90 சதவீத குவாலிட்டின்னா பத்துல ஒம்போது பங்கு கேஸ். ஈரம் அதிகமா இருக்கிற லோ குவாலிட்டி ரெஜிம்ல கதை தலைகீழ், குமிழி அளவு ஓட்டை அளவுல நின்னுடும், தண்ணி வேகத்தை மாத்தினா ஒண்ணும் ஆகாது, கேஸ் வேகம்தான் பிரஷரை தீர்மானிக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடத்துல நுரை அதிகபட்ச பலத்துல இருக்கும், ஒவ்வொரு பாறைக்கும் சோப்புக்கும் அது வேற வேற இடம்.

கேப்பிலரி பிரஷர் தர்ற பெரிய லாபம் ஒண்ணு இருக்கு, என்னைக் கேட்டா நுரைய இவ்ளோ மெனக்கெட்டு பயன்படுத்துறதுக்கு காரணமே இதுதான். பெர்மியபிலிட்டி, அதாவது பாறை வழிவிடுற தாராளம், 100 மடங்கு அதிகமா இருக்கிற அடுக்குல ஓட்டைங்க சுமாரா 10 மடங்கு பெருசு, ஓட்டை பெருசானா அதே தண்ணி அளவுல கேப்பிலரி பிரஷர் 10 மடங்கு கம்மி, படலம் அங்க சந்தோஷமா நிக்கும். இறுக்கமான அடுக்குல கேப்பிலரி பிரஷர் அதிகம், நுரை அங்க பலமா நிக்காது. அதாவது கேஸ் ஓடிப்போற தாராளமான வழியை நுரை தேடிப் போய் அடைக்குது, கேஸே போகாத இறுக்கமான வழியை விட்டுடுது. பாலிமர் (நீளச் சங்கிலி மாதிரி மூலக்கூறு) கலந்த தண்ணி மாதிரி வேற பொருள் எல்லா அடுக்கையும் ஏறக்குறைய ஒரே மடங்குல தான் மந்தமாக்கும், இப்படி ஆள் பாத்து அடிக்காது.

இப்போ எண்ணெய்கிட்ட வருவோம், நுரையோட பரம விரோதி எண்ணெய்தான். ஒரு எண்ணெய்த் துளி படலத்தோட மேற்பரப்புக்குள்ள நுழைய முடியுமா, நுழைஞ்சு பரவ முடியுமான்னு மூணு இழுவிசையை வெச்சு சொல்லலாம். தண்ணி-கேஸ் இழுவிசையோட தண்ணி-எண்ணெய் இழுவிசையைக் கூட்டி எண்ணெய்-கேஸ் இழுவிசையைக் கழிச்சா வர்றது நுழைவு எண், பாசிட்டிவ்னா நுழையும். தண்ணி-கேஸ்லேர்ந்து மத்த ரெண்டையும் கழிச்சா பரவல் எண், பாசிட்டிவ்னா மேல படர்ந்து சர்ஃபாக்டன்டை விலக்கிட்டு படலத்தைக் கிழிச்சுடும். எடுத்துக்காட்டுக்கு தண்ணி-கேஸ் 30, தண்ணி-எண்ணெய் 3, எண்ணெய்-கேஸ் 22 மில்லிநியூட்டன்னு வெச்சா நுழைவு எண் 11, பரவல் எண் 5, ரெண்டும் பாசிட்டிவ், நுரைக்கு ஆபத்து. ஆனா இந்த எண்ணை மட்டும் நம்பி தீர்ப்பு சொல்லக் கூடாது, எண்ணெய்த் துளிக்கும் கேஸுக்கும் நடுவுல ஒரு மெல்லிசான தண்ணிப் படலம் இருக்கும், அது உடைஞ்சாதான் எண்ணெய் மேற்பரப்பையே தொடும், அந்த நடுப் படலம் கெட்டியா இருந்தா எண் பாசிட்டிவா இருந்தும் நுரை பிழைச்சுக்கும். பொதுவா லேசான எண்ணெய் நுரையை அதிகமா கெடுக்கும், கனமான எண்ணெய் அவ்ளோ கெடுக்காது. பாறை எண்ணெயை விரும்புற ஜாதியா இருந்தா, அதாவது சுவர்ல தண்ணிக்கு பதிலா எண்ணெய் ஒட்டியிருந்தா, இன்னும் கஷ்டம், படலத்துக்கு ஊன்றி நிக்க ஈரமான சுவரே கிடைக்காது.

ஆனா இதுலயும் ஒரு நல்லது இருக்கு. எண்ணெய் துடைச்சு எடுத்த இடத்துல நுரை பலமா நிக்கும், எண்ணெய் மிச்சம் இருக்கிற இடத்துல உடையும், அப்போ அடுத்து வர்ற கேஸ் தானா எண்ணெய் இருக்கிற பக்கம் திரும்பும். எண்ணெயே தாங்காத நுரைன்னா எழும்பவே எழும்பாது, எதுக்கும் அசையாத நுரைன்னா எண்ணெய் இருக்கிற வழியையும் சேர்த்து அடைச்சுடும், நடுத்தரமா வேணும்.

சர்ஃபாக்டன்ட் தேர்ந்தெடுக்குறது தனி தலைவலி, சுருக்கமா சொல்லிடுறேன். பாறைத் தண்ணி உப்புத் தண்ணி, பல இடத்துல கடல் தண்ணிய விட உப்பு, கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து இருக்கும், சாதா சோப்பு அதுல தயிர் மாதிரி திரிஞ்சு கீழ படிஞ்சுடும். சூடு அதிகமா இருந்தா சல்ஃபேட் வகை சர்ஃபாக்டன்ட் தண்ணியோட வினைபுரிஞ்சு உடைஞ்சு போகும், சல்ஃபோனேட் வகை தாங்கும், அதனாலதான் ஆல்ஃபா ஒலிஃபின் சல்ஃபோனேட், சுருக்கமா ஏஓஎஸ், இவ்ளோ பிரபலம். அப்புறம் பாறையே சர்ஃபாக்டன்டை உறிஞ்சுக்கும். மணற்பாறை பொதுவா நெகட்டிவ் மின்னேத்தம், அதுல நெகட்டிவ் சர்ஃபாக்டன்ட் கம்மியா ஒட்டும், சுண்ணாம்புப் பாறை பெரும்பாலும் பாசிட்டிவ், அங்க அதே பொருள் நிறைய வீணாகும். செலவுக் கணக்குல இந்த ஒட்டுற அளவு தான் பல திட்டங்களை உக்கார வெச்சிருக்கு.

நுரையை பலப்படுத்த பாலிமர் சேர்க்குறாங்க, படலத் தண்ணி கெட்டியாகி மெதுவா வடியும், ஆனா உள்ள தள்ளுறது கஷ்டமாகும். நானோ துகள் இன்னொரு வழி. 10 நானோமீட்டர் ஆரம் உள்ள சிலிக்கா துகள் ஒண்ணு மேற்பரப்புல பாதி முங்கி பாதி வெளிய நின்னா, அதைப் பிடுங்கி எடுக்க வேண்டிய ஆற்றல் சாதா வெப்ப அசைவோட ஆற்றலை விட 2000 மடங்குக்கு மேல. சர்ஃபாக்டன்ட் மூலக்கூறு வந்து வந்து போகும், துகள் ஒரு தடவை உக்காந்தா எழுந்திரிக்காது. கேக்க நல்லா இருக்கு, ஆனா அந்த துகள் உப்புத் தண்ணில கட்டி கட்டாம கிணத்துலேர்ந்து நூத்துக்கணக்கான மீட்டர் பாறைக்குள்ள போகணும், கதையோட அந்த மறுபாதி ஆராய்ச்சிப் பேப்பர்கள்ல அதிகம் வர்றதில்ல.

லேப்ல செய்யுற டெஸ்ட் பத்தி ஒரு வார்த்தை. சிலிண்டர்ல குலுக்கி நுரை உயரம் பாதியாக எவ்ளோ நிமிஷம்னு பாக்குறது சீக்கிரம் முடியும், மோசமான சோப்பை கழிச்சுவிட உதவும், அவ்ளோதான். சிலிண்டர்ல நுரையைக் கொல்றது பெரும்பாலும் புவியீர்ப்பு வடிகால், பாறைக்குள்ள கேப்பிலரி உறிஞ்சல், சிலிண்டர்ல ஒரு மணி நேரம் நின்ன சோப்பு நிஜப் பாறைத் துண்டுல, அதாவது கோர்ல, சுமாரா தான் நிக்கும், நேர்மாறாவும் நடக்கும். கோர் ஃப்ளட், அதாவது பாறைத் துண்டை உருளையா வெட்டி அந்த பிரஷர்லயும் சூட்டுலயும் நுரையை ஓட விடுறது தான் நம்பகமானது, அதையும் எண்ணெய் இல்லாம பண்ணினா பாதி உண்மை தான். கோர்ல மீட்டருக்கு 10 பார்னு அபாரமான தடை வந்துச்சுன்னு கொண்டாடுவாங்க, ரெண்டு கிணத்துக்கு நடுவுல 300 மீட்டர்னா 3000 பார் வேணும், அப்படி ஒரு பிரஷரை எந்த கிணறும் குடுக்காது, அதுக்கு ரொம்ப முன்னாடியே பாறை உடைஞ்சுடும். தூரத்துல கிடைக்கிற சரிவு மீட்டருக்கு ஒரு பாருக்கும் கீழ, அந்த மந்தமான நிலைமைல நுரை பிறக்குமா நிக்குமாங்கிறது தான் வயலுக்கு உண்மையான கேள்வி.

வயல்ல செஞ்சு பாத்தும் இருக்காங்க. 1980கள்ல கலிஃபோர்னியாவுல கெர்ன் ரிவர் மாதிரி கெட்டி எண்ணெய் வயல்கள்ல நீராவியோட நுரை சேர்த்தாங்க, நீராவியும் கேஸ்தானே, மேல ஏறி ஓடுறதை அடக்கணும். 1990களோட தொடக்கத்துல டெக்சாஸ்ல நார்த் வார்ட் எஸ்டஸ், நியூ மெக்சிகோவுல ஈஸ்ட் வேக்யூம் வயல்கள்ல கார்பன் டை ஆக்சைடு நுரை. 1990களோட கடைசில வட கடல்ல நார்வே பகுதில இருக்கிற ஸ்னோரே வயல்ல ஏஓஎஸ் போட்டு தண்ணியும் கேஸும் மாத்தி மாத்தி விடுற முறையோட நுரையை சேர்த்தாங்க, நுரை வயல்ல நிஜமாவே வேலை செய்யும்னு காட்ட இன்னைக்கும் அதிகமா எடுத்துக்காட்டுற திட்டங்கள்ல அது ஒண்ணு.

உள்ள தள்ளுறதுக்கு ரெண்டு பாணி. சோப்புத் தண்ணியும் கேஸும் சேர்ந்தாப்ல விட்டா கிணத்து வாயிலயே நுரை கட்டி பிரஷர் எகிறும், கூடவே கார்பன் டை ஆக்சைடும் தண்ணியும் சேர்ந்தா பைப்பை அரிக்கும். அதனால முதல்ல சோப்புத் தண்ணி ஒரு தவணை, அப்புறம் கேஸ் ஒரு தவணைன்னு மாத்தி மாத்தி விடுறதை பல பேர் விரும்புறாங்க, கேஸ் தவணைல கிணத்தை ஒட்டி பாறை காய்ஞ்சு அங்க நுரை உடைஞ்சுடும், உள்ள தள்ளுறது சுலபமாகும், தூரத்துல ஈரம் இருக்கிற இடத்துல நுரை நிக்கும். மூணாவதா ஒரு வழி, கார்பன் டை ஆக்சைடுலயே கரையுற சர்ஃபாக்டன்ட். கேஸ் எந்த வழியா ஓடுதோ அதே வழியா சோப்பும் கூடவே போகும், தண்ணி கனமா இருக்கிறதால சோப்பைக் கூட்டிக்கிட்டு கீழ இறங்கிடுற பிரச்சனை இல்ல, போற வழில பாறைல இருக்கிற தண்ணியைத் தொட்டதும் அங்கேயே நுரை கட்டும். ஆனா அந்த தண்ணி அங்க போதுமான அளவு இருக்கணும், வருஷக்கணக்கா கேஸ் மட்டும் ஓடி காய்ஞ்சு போன அடுக்குன்னா முன்னாடியே ஒரு தவணை வெறும் தண்ணிய அனுப்பி நனைச்சு வெக்க வேண்டி வரும்.